இன்னொண்ணு மாட்டு

1996-ல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மாலைப் பேப்பரில் என் நம்பர் இல்லை. அப்போதெல்லாம் பாஸானவர்களின் பதிவெண்களைப் பொடி எழுத்தில் வரிவரியாக அச்சடிப்பார்கள். எனக்கு முந்தைய நம்பரும் இருந்தது, பிந்தைய நம்பரும் இருந்தது. நடுவில் நான் இல்லை. பெட்டிக்கடைக்காரர், "நல்லாப் பாரு தம்பி, அச்சுல உட்டுருப்பாங்க" என்றார். அச்சில் விட்டிருக்கவில்லை. கணக்கில் 27. பாஸ் மார்க் 35.

அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. மூன்றாவது ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவரிடம் அம்மாதான் சொன்னார். அடி விழும் என்று நினைத்தேன். 'அடியாத மாடு படியாது' என்பதைக் கேட்டே வளர்ந்த தெரு எங்களுடையது. அவர் அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், குளித்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே அம்மாவிடம், "தண்ணி வந்துருச்சு, அவனப் புடிக்கச் சொல்லு" என்பார். அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்குமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மறுபடி எழுத செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். பணம் கட்டி, விண்ணப்பம் வாங்கி, தெரியாத ஒரு பள்ளியில் போய் எழுதிவிட்டு வர வேண்டும். ஹால் டிக்கெட்டில் நம்முடைய பெயர் 'தனித்தேர்வர்'. அரசாங்கம் பொருத்தமான வார்த்தையைத்தான் பிடித்திருக்கிறது. வாய்ப்பு உண்டு, தேதி உண்டு, வினாத்தாளும் உண்டு. வாத்தியார் மட்டும் கிடையாது. ஏற்கனவே வாத்தியார் இருந்தும் தேறாதவனை, இந்தத் தடவை வாத்தியார் இல்லாமல் எழுதிப் பார் என்று அனுப்புகிறார்கள். இப்போது ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு வைக்கிறார்கள், பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு எடுக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நல்ல மாற்றம். எங்கள் காலத்தில் அப்படி இல்லை.

சும்மா வீட்டில் இருக்கக் கூடாது என்று ஜூன் கடைசியில் கணபதியில் ஒரு லேத் பட்டறையில், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற பட்டறையில், சேர்த்துவிட்டார்கள். கோயம்புத்தூரைத் தெரியாதவர்களுக்கு: இது பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர். பெரிய கம்பெனிகள் பெயரை எழுதிக்கொள்ளும். உள்ளே இருக்கிற பாகங்களில் பாதி, கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் சந்துகளில் நாலு லேத்தும் ஒரு ட்ரில்லிங் மெஷினும் போட்டு உட்கார்ந்திருக்கிற பட்டறைகளில் கடைந்து போகும். எங்கள் பட்டறையும் அப்படி ஒன்று. ஓனர் வாரத்துக்கு ஒரு முறை வருவார். மற்றபடி எல்லாம் மேஸ்திரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. எங்கள் எல்லாரையும் 'கண்ணு' என்பார், கோபம் வந்தால் 'தம்பி'. அவர் வாயில் 'தம்பி' வந்தால் எல்லாரும் குனிந்துகொள்வோம்.

முதல் இரண்டு மாதம் கூட்டினேன், டீ வாங்கினேன், சுருள் அள்ளினேன், பிசிர் எடுத்தேன். பிறகு ஒரு நாள் லேத்தில் நிறுத்தினார்.

வேலை இதுதான். மோட்டார் பிராக்கெட், வார்ப்பிரும்பு. நடுவில் பேரிங் உட்காரும் ஓட்டையைக் கடைய வேண்டும். 6204 பேரிங், வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். ஓட்டை 47-ல் இருந்து 47.025-க்குள் நிற்க வேண்டும். அதாவது 25 மைக்ரான்தான் இடம், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. நான் கடைந்து கடைந்து 46.70-க்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் 0.30 எடுத்தால் போதும். டயலில் 0.30 திருப்பினேன், வெட்டினேன், அளந்தேன். 47.30.

லேத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். எங்கள் மெஷினில் டயல் காட்டுவது டூல், அதாவது வெட்டுகிற உளி, எவ்வளவு நகர்கிறது என்பதை. ஜாப், அதாவது கடைகிற பாகம், சுற்றுவதால் அந்த நகர்வு இரண்டு பக்கமும் வெட்டும். விட்டத்தில் 0.30 வேண்டுமானால் டயலில் 0.15 திருப்ப வேண்டும். லேத்தில் நிற்கிற ஒவ்வொருவனும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. எனக்கு அது தெரியாது. உலகத்திலேயே நான் ஒருவன்தான் இப்படிச் செய்தவன் என்று நினைத்தேன். கணக்கில் 27 வாங்கியவன் அல்லவா, பட்டறையிலும் அதே கணக்கு காலை வாரிவிட்டது.

மேஸ்திரி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, பிராக்கெட்டைப் பார்த்தார். ஒரு பேரிங்கை எடுத்து ஓட்டையில் வைத்தார். அது தொளதொளவென்று உள்ளே விழுந்து கடகடத்தது. எடுத்துத் துடைத்து டப்பாவில் போட்டார். பிராக்கெட்டைப் பிடித்திருந்த 'சக்'கைத் திறந்து, அதைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"போச்சாது," என்றார். "இன்னொண்ணு மாட்டு."

'போச்சாது' எங்கள் பக்கத்து வார்த்தை. பரவாயில்லை, போனால் போகட்டும் என்று அர்த்தம். பேருந்தில் காலை மிதித்தாலும் போச்சாது, கடனில் பத்து ரூபாய் குறைந்தாலும் போச்சாது. அந்த வார்த்தையை அதற்கு முன்னால் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்று எனக்குப் புதிதாக இருந்தது அதற்கு அடுத்து வந்த இரண்டு சொற்கள்தான். மன்னித்து, மறுபடி கூட்ட அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பியிருந்தாலும் அவரை நல்லவர் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் அதே மெஷினில், அதே ஜாபை, அந்த நிமிஷமே மாட்டச் சொன்னார்.

மாட்டினேன். கை நடுங்கியது. அவர் போகவில்லை. பின்னால், என் வலது தோளுக்கு ஓர் அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் ஒரே கேள்வி: "எத்தன திருப்பப் போற?" நான் சொல்வேன். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பாக இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் நகரவும் மாட்டார். அந்த அமைதியில் நானே இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். அப்பாவின் அமைதியும் மேஸ்திரியின் அமைதியும் ஒன்று கிடையாது என்பது அப்போதே தெரிந்தது, சொல்லத்தான் தெரியவில்லை.

மூன்று நாள் அப்படிக் கேட்டார். நான்காம் நாள் கேட்கவில்லை. ஷேப்பர் பக்கம் போய் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "எத்தன திருப்பப் போற?" என்று நானே எனக்குள் கேட்டுவிட்டுத் திருப்பினேன். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷினில் ஆஃப்செட், அதாவது டூலின் அளவுத் திருத்தம், போடும்போது அந்தக் குரல் வரும்.

கணக்கு அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. மரை வெட்ட லேத்தில் கியர் மாற்ற வேண்டும். டூலை நகர்த்துகிற லீட் ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நகர்கிற தூரம், 6 மில்லிமீட்டர், வெட்ட வேண்டிய மரை 1.5 மில்லிமீட்டர் என்றால் விகிதம் ஒன்றுக்கு நாலு. இருபது பல் கியர் ஓட்ட, எண்பது பல் கியர் ஓட வேண்டும். இருபது இல்லையா, முப்பதுக்கு நூற்றிருபது போடு. விகிதம் என்கிற பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். கையில் கிரீஸோடு இரண்டு சக்கரத்தைப் பல்லோடு பல் கோத்த அன்றுதான் அது என்ன என்று புரிந்தது. தப்பாகக் கோத்தால் மரை தப்பாக வரும், நட் ஏறாது, அவ்வளவுதான். சிவப்பு மையில் கோடு போட ஆள் தேவைப்படவில்லை.

செப்டம்பர் தேர்வுக்கு மேஸ்திரி மூன்று நாள் லீவு கொடுத்தார், சம்பளத்தோடு. "பெயிலானா வந்துராத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 41 வாங்கினேன். அப்புறம் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத் வேலைப் படிப்பு, அப்புறம் வேறு கம்பெனி, படிப்படியாக சூப்பர்வைசர், இப்போது ஒரு மெஷின் ஷாப்பின் பொறுப்பு. அதையெல்லாம் இங்கே நீட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் மேலாண்மைப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். எனக்கும் நாலு தடவை சொல்லியிருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் நாற்பது தடவை. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, எஸ்.எல்.வி.-3. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கிளம்பிய ராக்கெட் ஐந்து நிமிஷத்துச் சொச்சத்தில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கோளாறு. பத்திரிகையாளர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அடுத்த வருஷம், 1980 ஜூலை 18-ம் தேதி, அதே எஸ்.எல்.வி.-3, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டபோது, கலாமைப் பேட்டி கொடுக்கச் சொல்லித் தவன் ஒதுங்கிக்கொண்டார். கலாமே பல மேடைகளில் சொன்னது. நிஜமாகவே பெரிய மனசுதான்.

ஆனால் எனக்கு எப்போதும் ஒரு குறை. எல்லாரும் இரண்டு பேட்டிகளைப் பற்றியே பேசுகிறார்கள். நடுவில் பதினொரு மாதம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ராக்கெட் விழுந்ததைத் துருவித் துருவி ஆராய்ந்து, எந்த வால்வு, ஏன் என்று கண்டுபிடித்து, மறுபடி ஒன்றைக் கட்டினார்கள். இயக்குநர் நாற்காலியில் ஆளை மாற்றவில்லை. பட்டறை பாஷையில் சொன்னால், முதல் பேட்டி 'போச்சாது'. அந்தப் பதினொரு மாதம் 'இன்னொண்ணு மாட்டு'. முதலாவது அரை மணி நேரத்தில் முடிகிற காரியம், கேமரா முன்னால் நடப்பது. இரண்டாவதை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள்.

இதை நான் சொந்தச் செலவில்தான் கற்றுக்கொண்டேன். சொந்தச் செலவு என்று சும்மா சொல்கிறேன், செலவு ஒரு பையனுடையது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பையன் எங்களிடம் சேர்ந்தான். கெட்டிக்காரன். வந்த மூன்றாம் மாதம், இரவு ஷிப்டில், டூல் ஆஃப்செட்டில் புள்ளியை விட்டுவிட்டான். 0.5 போட வேண்டிய இடத்தில் 5. டூல் ஹோல்டர் சுற்றிக்கொண்டிருந்த சக்கில் போய் இடித்தது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள், வயிற்றுக்குள் கேட்கும். டூல்களைத் தாங்குகிற டரட்டின் அலைன்மென்ட் போய்விட்டது. சர்வீஸ் இன்ஜினியர் வந்து சரிசெய்ய இரண்டு நாள். இரண்டு நாள் மெஷின் நின்றது.

மேலே இருந்து, "அனுப்பிருங்க" என்றார்கள். நான் மல்லுக்கட்டினேன். மீட்டிங்கில் என் மேஸ்திரி கதையைச் சொன்னேன், கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன். அந்தப் பையன் தப்பித்தான். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. அவனை அதே மெஷினில் நிறுத்தினேன், "போச்சாது, பார்த்து ஓட்டு" என்றேன், தோளைத் தட்டினேன். போய்விட்டேன். வேறு வேலை இருந்தது, ஒரு கஸ்டமர் ஆடிட்.

அந்தப் பையன் என்ன செய்தான் என்றால், பயந்தான். நூறு சதவீதத்தில் ஓட வேண்டிய ரேபிட்டை, அதாவது வெட்டாத நேரத்தில் டூல் நகர்கிற வேகத்தை, இருபத்தைந்தில் வைத்து ஓட்டினான். ஒவ்வொரு டூலும் ஜாபைத் தொடும்போது டூலை நிறுத்துகிற ஃபீட் ஹோல்டு பட்டனில் விரலை வைத்துக்கொண்டே நின்றான். ஷிப்டுக்கு எண்பது பீஸ் வர வேண்டிய இடத்தில் ஐம்பது வந்தது. அந்த ஐம்பதைப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டுத் திட்டினேன். "உன்ன வெச்சிருக்கறதே பெருசு" என்று என் வாயில் வந்தது. வந்துவிட்டது, அழிக்க முடியாது. அந்த மாசச் சம்பளம் வாங்கியவன் திரும்ப வரவில்லை. உணவு டெலிவரி வண்டி ஓட்டுகிறான் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு தடவை சிக்னலில் பார்த்தேன். ஹெல்மெட் போட்டிருந்தான். அவன்தானா என்று உறுதியில்லை, கூப்பிடவும் இல்லை.

நான் அவனுக்குக் கொடுத்தது செப்டம்பர் அட்டெம்ப்ட். தனித்தேர்வராக அனுப்பினேன். மேஸ்திரி மூன்று நாள் என் தோளுக்கு ஓர் அடி பின்னால் நின்றதை நான் கதையாகச் சொன்னேனே தவிர, நானே போய் நிற்கவில்லை. மூன்று ஷிப்ட் அவன் பக்கத்தில் நின்றிருந்தால் போதும். ஆஃப்செட் மாற்றியதும் முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில், ஒவ்வொரு வரியாக ஓட்டு, திரையில் மீதி தூரம் எவ்வளவு என்று பார், டூல் ஜாபுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த எண் நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று யோசி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. "பார்த்து ஓட்டு" என்றால் எதைப் பார்ப்பான்?

வேடிக்கை என்னவென்றால், இரும்புக்கு நாங்கள் இதைவிட மரியாதை கொடுக்கிறோம். மெஷின் ஷாப்புக்குள் வந்தால் இரண்டு பெட்டி பார்க்கலாம். சிவப்புப் பெட்டி ரிஜெக்ஷன், மஞ்சள் பெட்டி ரீவொர்க். சிவப்பில் போட்டால் கதை முடிந்தது. மஞ்சளில் போட்டால் சும்மா போடக் கூடாது. கூடவே ஒரு சீட்டு: எந்த அளவு தப்பு, எந்த மெஷினில், எப்படித் திருத்த வேண்டும், திருத்தியதும் யார் மறுபடி அளப்பது. சீட்டு இல்லாத பீஸ் மஞ்சள் பெட்டியில் கிடந்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். அந்தப் பையனைச் சீட்டில்லாமல் மஞ்சளில் போட்டுவிட்டு, நான் ஆடிட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு மாறினேன். யாராவது மெஷினை இடித்துவிட்டால் முதல் வேலையாக மூன்று ஷிப்டுக்கு என் காலண்டரைக் காலி செய்கிறேன், இல்லையென்றால் சீனியர் ஒருவரை நிறுத்துகிறேன். கேள்வியும் அதே கேள்விதான், "எவ்வளவு போடப் போற?" நாலைந்து பேர் அப்படித் தேறியிருக்கிறார்கள். ஒரு பெண் இப்போது எங்கள் செட்டர், மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவள்; அவள் மற்றவர்கள் பின்னால் போய் நிற்கிறாள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். இந்த வழி இருப்பதே பல பையன்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் ஷிப்ட் அனுசரித்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் மறுவாய்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற இன்டர்லாக்கைச் செயல்படாதபடி கட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டுகிறவன் ஒருவன் வந்தான். சொன்னேன், கேட்டான். மறுபடி அதையே செய்தான். அன்றே அனுப்பினேன். அவன் விரலோடு விளையாட எனக்கு உரிமை இல்லை. அளவு தப்புவது வேறு, இது வேறு.

சரி, இவ்வளவு பேசுகிற நான் வீட்டில் எப்படி என்று கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது டியூஷன் ஃபீஸ் கட்ட ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினேன். கட்டவில்லை. மொபைல் கேமில் ஏதோ வாங்கிவிட்டான், சிநேகிதன் போனில் இருந்து பணம் போட்டு. கட்டியாச்சு என்று பொய் வேறு. இரண்டு வாரம் கழித்து டியூஷன் சார் போன் செய்தபோதுதான் தெரிந்தது. நான் அடிக்கவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. திட்டக்கூட இல்லை. அதன் பிறகு அவன் கையில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். பஸ் பாஸ் நானே எடுத்தேன். ஃபீஸ் நானே கட்டினேன். சட்டை வாங்க நானே கூடப் போனேன். கடைக்கு அனுப்பினால் கடைக்காரருக்கு நானே ஜி-பே செய்தேன். எல்லாம் இயல்பாக நடந்த மாதிரிதான் இருந்தது. அவனும் கேட்கவில்லை.

போன ஏப்ரலில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஷாப்பில் ஒருவன், ஜாபைப் பிடித்துக்கொள்கிற ஐம்பதாயிரம் ரூபாய் ஃபிக்ஸ்சரை உடைத்ததையும், அவனை நான் எப்படி நிதானமாகக் கையாண்டேன் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, அங்க அம்பதாயிரத்துக்கு ஒரே நாள்ல போச்சாதுங்கறீங்க. இங்க ஒருத்தன் ஆயிரத்தைந்நூறுக்கு மூணு வருசமா நின்னுட்டிருக்கான்."

மகன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான். பேனா சத்தம் நின்றது.

ஏன் அப்படி என்று அப்புறம் பல நாள் யோசித்தேன். ஷாப்பில் நஷ்டத்துக்கு ஒரு எண் இருக்கிறது. ஐம்பதாயிரம் என்றால் ஐம்பதாயிரம், எழுதினால் முடிந்தது. மகன் விஷயத்தில் நான் ஆயிரத்தைந்நூறைப் பார்க்கவில்லை. பதினாலு வயதில் பொய் சொன்னவன் இருபத்தைந்தில் என்ன செய்வான் என்று பார்த்தேன். அவன் செய்யாத தப்புக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே வசூலித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது: தொழிலாளி தப்பு செய்தால் அது அவன் தப்பு. மகன் தப்பு செய்தால் அது என் வளர்ப்பு. அப்பா என்னோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்ததும் ஒருவேளை அதனால்தானோ என்னவோ. மில் அப்போதே வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. அவர் கையில் மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை பேப்பரில் அச்சாகவில்லை. இதை அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்காமலேயே அவர் போய்விட்டார்.

மேஸ்திரி சொல்வார்: "திருத்த முடியற பக்கமா நின்னு தப்பு பண்ணு கண்ணு." லேத்தில் இது சாதாரணப் பாடம். ஓட்டை கடையும்போது அளவு குறைந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், கூடிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. ஷாஃப்ட்டுக்கு நேர் எதிர், அங்கே கூடுதலாக இருந்தால் குறைக்கலாம். எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மகனிடம் நான் பாதுகாப்பான பக்கம் நிற்கிறேன் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் போனால் சம்பாதிக்கலாம். ஒரு பையனை மூன்று வருஷம் சந்தேகத்தில் வைத்ததை எந்த டூலை வைத்துத் திருத்துவது?

நான் கெடுத்த அந்த பிராக்கெட் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பட்டறையை மூடியபோது மேஸ்திரியே எடுத்துக் கொடுத்தார். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். மகன் சின்ன வயதில் அது என்ன என்று கேட்டபோது 'ஸ்கிராப்' என்று சொல்லிவைத்திருந்தேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். 27 மார்க்கில் இருந்து ஆரம்பித்து. நான் பத்தாவதில் பெயில் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். வாயைத் திறந்துகொண்டு கேட்டான். கதை முடிந்ததும் பிராக்கெட்டைக் கையில் எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுழற்றினான்.

"இதுல ஒரு புஷ் அடிச்சு மறுபடி கடைஞ்சிருக்கலாமேப்பா?" என்றான்.

பெருத்த ஓட்டைக்குள் ஒரு வளையத்தை இறக்கி, அதை அளவுக்குக் கடைவது. அடித்திருக்கலாம்தான். முப்பது வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

போன மாதம் ஷாப்பில் இன்சர்ட், அதாவது டூலில் மாட்டுகிற வெட்டுமுனை, தீர்ந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் கடையில் ஸ்டாக் இல்லை. காந்திபுரம் பக்கம் இன்னொரு கடையில் இருந்தது, ரொக்கம்தான் வேண்டும் என்றார்கள். மகன் லீவில் வீட்டில் இருந்தான். இன்சர்ட்டின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "எத்தனை வாங்கப் போற?" என்று கேட்டேன். "ரெண்டு பாக்கெட், இருபது" என்றான். நாலாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தவன், ஒரு நிமிஷம் யோசித்து, எடுத்துப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டரை மணி நேரம் கழித்து ஷாப்புக்கு வந்தான். பாக்கெட் இரண்டும் சரி, நம்பர் சரி. பில்லையும் மீதியையும் மேஜையில் வைத்தான். "முப்பது ரூவாய்க்குக் கரும்புச்சாறு குடிச்சேன்பா, பில்லுல இருக்காது" என்றான்.

மீதியை எடுத்துப் பையில் போட்டிருக்கலாம். கை பழகிவிட்டது, எண்ணிவிட்டேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். சரியாக இருந்தது. நான் எண்ணி முடிக்கும்வரை நின்றுவிட்டு, "போலாமாப்பா?" என்றான்.

பதினைந்து நாளில் மறுபடி இன்சர்ட் தீரும். இந்தத் தடவை ஸ்டாக் இருக்கிறதா என்று வழக்கமான கடைக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.